பிசின் காத்த ஊர்கள்

கிரேக்கத்தின் கியோஸ் தீவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "கடற்கரை எப்படி டீச்சர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாவ்ரா வோலியா கரையில் மணல் கிடையாது, எரிமலை தந்த கருங்கூழாங்கற்கள்தான். அழகான இடம். ஆனாலும் என் மனம் நின்றது உள்ளே இருக்கும் மெஸ்தா என்ற ஊரில்.

அங்கே வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்களே ஊருக்குக் கோட்டை மதில். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள் காலத்து ஊர் அது. காரணம் மஸ்திகா மரம். பட்டையைக் கீறினால் பிசின் கண்ணீர்போலச் சொட்டும். உறைந்ததும் எடுத்து மெல்வார்கள். தீவின் தென்பகுதியில்தான் இந்தத் தொழில். மதில் கடற்கொள்ளையரைத் தடுத்தது. ஆனால் பிசினைத் திருடினால் உள்ளூர்க்காரருக்கே கொடிய தண்டனை!

பிறகு உதுமானியர் ஆட்சி. சுல்தானின் அந்தப்புரத்திலும் இந்தப் பிசினுக்கு ஏக கிராக்கி. 1822-இல் கிரேக்கக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த படை இந்தத் தீவில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றது. தெலக்ருவா 1824-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இதைப் பற்றியதே. கொல்லப்பட்டவர்களின் மண்டை ஓடுகள் நேயா மோனி மடத்தில் இன்றும் இருக்கின்றன. பிசின் ஊர்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். இரக்கப்பட்டு அல்ல. ஆளை வெட்டிவிட்டால் மரத்தைக் கீற யார் இருப்பார்கள்?

பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிசின் வாங்கி வந்திருக்கிறேன். முதலில் லேசாகக் கசக்கும், துப்பிவிடாதீர்கள்.