வண்ணாரப்பேட்டையும் என் வெள்ளைச் சட்டையும்

போன மாசம் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொலை பண்ணிட்டேன். அதுவும் திங்கக்கிழமை கிளையன்ட் வர்றாங்கன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி. மெஷின்ல என் சட்டையோட அம்மாவோட புது சுங்குடிப் புடவையும் போயிருக்கு. வெளிய எடுத்தா சட்டை இளஞ்சிவப்பு. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்துட்டு, துணி பிரிச்சுப் போடத் தெரியலையேடா!"

திட்டுதான். ஆனா யோசிக்க வச்ச திட்டு. தண்டையார்பேட்டைக்காரன் நான், அந்தப் பேட்டைக்கு ஏன் அந்தப் பேர்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. அப்புறம் ஆபீஸ்ல வேலை கம்மியா இருந்த ஒரு வாரம் (மேனேஜர் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்) தேடிப் படிச்சதுல கிடைச்சதைத்தான் இங்க கொட்டறேன்.

மெட்ரோவுல மண்ணடி தாண்டி வடக்கே வாங்க. வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டைன்னு ஸ்டேஷன் வரும். 2019லயும் 2021லயும் திறந்த ஸ்டேஷன்கள்தான். ஆனா அந்தப் பேருங்களை வரிசையா வாசிச்சா முந்நூறு வருஷத் துணி வியாபாரத்தோட பொருளடக்கம் மாதிரி இருக்கு. வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணியை வெளுத்தவங்க குடியிருந்த பேட்டை. பிட்டி தியாகராயர் நீதிக்கட்சித் தலைவரா நமக்குத் தெரியும், ஆனா அவர் நெசவுத் தொழில் நடத்தின குடும்பத்துக்காரர், விசைநாடாத் தறியைக் கொண்டுவந்தவர். காலடிப்பேட்டைக்கும் எந்தக் காலடிக்கும் சம்பந்தமில்ல. 1717லேர்ந்து 1720 வரை கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கின காலெட் பேட்டை, நம்ம வாயில காலடியாயிடுச்சு.

1639ல கம்பெனிக்காரன் இந்தக் கடற்கரையில இடம் பிடிச்சதே துணிக்காகத்தான். துறைமுகம்னு சொல்ல இங்க ஒண்ணுமே இல்ல, கப்பல் தூரத்துல நிக்கும், மசூலாப் படகுல அலையைத் தாண்டிப் போகணும். அப்படியும் இந்த ஊரை விடலை. காரணம் துணி இங்க மலிவு.

தறியிலேர்ந்து இறங்கின பருத்தித் துணி வெள்ளையா இருக்காது, பழுப்பா இருக்கும். பாவுக்குப் போட்ட கஞ்சி வேற அதுல ஒட்டியிருக்கும். சாணித் தண்ணியில ஊறவச்சு, உவர்மண்ணுல நனைச்சு, வெள்ளாவி வச்சு, கல்லுல அடிச்சு, வெயில்ல மணல்மேல விரிச்சு, திரும்பவும் முதல்லேர்ந்து. இப்படிப் பல சுத்து போனாத்தான் வெள்ளை வரும். உவர்மண்ணுங்கிறது வேற ஒண்ணும் இல்ல, காரம். இப்ப பவுடர் பாக்கெட்ல சோடியம் கார்பனேட்னு போட்டிருக்கே, அதே சங்கதி. இதுக்கு நல்ல தண்ணி, வெயில், நிறைய வெத்து இடம் மூணும் வேணும். கோட்டைக்கு வடக்கே மூணும் இருந்தது. 1772ல கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோக ஏழு கிணறு வெட்டினதும் இந்தப் பக்கம்தான்.

கோட்டைக்குள்ள வர்ற துணியை 'மஸ்டர்'னு ஒரு மாதிரித் துண்டோட வச்சுப் பார்த்து, ரகம் ரகமாப் பிரிப்பாங்க. நெசவு தளர்ச்சியா இருந்தா கீழ் ரகம், விலையும் குறையும். ரொம்ப மோசம்னா திருப்பி அனுப்புவாங்க. நம்ம க்யூ.ஏ. டீம் பண்ற அதே அழிச்சாட்டியம்தான். என்ன, இங்க பக் திரும்பி வந்தா நமக்கு ஒரு ராத்திரி தூக்கம் போகும். அங்க நெசவாளிக்கு முன்பணம் கடனா நிக்கும்.

வெள்ளையையும் கலரையும் பிரிக்கிற வேலையை லண்டன்ல சட்டம் போட்டே பண்ணினாங்கங்கிறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நம்ம ஊர்ப் பூப்போட்ட சாயத் துணிக்கு அங்க அவ்வளவு மவுசு. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளிங்க கொதிச்சுப் போயிட்டாங்க. 1701ல அமலுக்கு வந்த சட்டப்படி சாயம் போட்ட, அச்சடிச்ச இந்தியத் துணியை அங்க யாரும் உடுத்தக் கூடாது. வெறும் வெள்ளை வரலாம். 1719ல தெருவுல போற பொம்பளைங்க மேல இருந்த காலிகோ துணியைக் கிழிச்சுக் கலாட்டா பண்ணியிருக்காங்க. 1721ல இன்னும் கடுமையா இன்னொரு சட்டம். வெள்ளைத் துணியை இறக்கி அங்கேயே அச்சடிச்சுக்கப் பழகினதுல அவங்க தொழில் வளர்ந்தது. மெஷின் கண்டுபிடிச்சதும் கதை தலைகீழாகி, அவங்க மில் துணி நமக்கு வந்து எறங்குச்சு.

சரி, என் சட்டை ஏன் சிவந்தது? சாயத்துல ரெண்டு ஜாதி (அந்த ஜாதிக்குப் பிறகு வர்றேன்). நூலை இறுக்கிப் பிடிச்சுக்கிறது ஒண்ணு, சும்மா ஒட்டிட்டு நிக்கிறது இன்னொண்ணு. சோழமண்டலக் கரையில சாயவேர்ச் சிவப்பு முதல் ரகம். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து துணியை ஊறவச்சு, படிகாரம் தடவி, அப்புறம் சாயவேர்ல கொதிக்க வைப்பாங்க. படிகாரத்துல இருக்கிற அலுமினியம் சாயத்துக்கும் நூலுக்கும் நடுவுல பிடிச்சுக்கும். துவைச்சாலும் லேசுல போகாது. மஞ்சள் அப்படியில்ல, வெயில் பட்டாலே ஓடிடும்.

ஓடற சாயத்தை வச்சுக் காசு பார்த்த கதையும் நம்ம ஊர் பேர்லயே இருக்கு. 1958ல வில்லியம் ஜேக்கப்சன்னு நியூயார்க் துணி வியாபாரி இங்க வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்கிட்ட (பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே, அவரேதான்) மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். நாயர் பிற்காலத்துல சொன்ன கதைப்படி கஜம் ஒரு டாலர், பத்தாயிரம் கஜம். இந்தச் சாயம் ஓடும், பச்சைத் தண்ணியில தனியாத் துவைக்கணும்னு நாயர் சொல்லித்தான் அனுப்பியிருக்கார். ஜேக்கப்சன் அதைப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு வித்தப்ப அந்த ஒரு வரியை மட்டும் சொல்லலை. ரிலீஸ் நோட்ஸ் எழுதாம பில்டு அனுப்பின மாதிரி. அமெரிக்காக்காரன் மெஷின்ல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டான். என் வீட்டுல நடந்ததேதான் அங்க ஊர் பூரா நடந்தது. கேஸ் போடற அளவுக்குப் போனப்ப, விளம்பர மன்னன் டேவிட் ஓகில்வி தரப்புல ஒரு யோசனை வந்ததாம்: சாயம் போறதைக் குறைன்னு சொல்லாத, இது கட்டாயம் சாயம் போகும்னு உத்தரவாதம் குடு. ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு புதுச் சட்டை! 'பிளீடிங் மெட்ராஸ்' பிச்சுக்கிட்டுப் போச்சு. இந்த ஐடியாவை நான் கிளையன்ட்கிட்ட முயற்சி பண்ணியிருக்கணும் :-)

இது வரைக்கும் ஜாலியாத்தான் படிச்சேன். அடுத்தது சலவைக்குறி. பல வீட்டுத் துணியும் ஒரே வெள்ளாவியில வேகும்போது எது யார் துணின்னு எப்படித் தெரியும்? சேங்கொட்டைச் சாறை ஊசியிலயோ குச்சியிலயோ தொட்டு, மேல சுண்ணாம்பு வச்சா துணியில கறுப்பா ஏறிடும். வெள்ளாவிக்கும் அசையாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு, இன்னொண்ணுக்குப் பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாதவங்க ஆயிரக்கணக்கான உருப்படியை இதை வச்சுப் பிரிச்சிருக்காங்க. டேட்டாபேஸ்ல பிரைமரி கீன்னு நாலு வருஷம் படிச்சோமே, அதைச் சட்டைக் காலருக்கு உள்பக்கம் வச்சிருந்திருக்காங்க. அடையாளம் தெரியாத பிணம் கிடைச்சா போலீஸ் முதல்ல பார்த்ததும் அந்தக் குறியைத்தான்.

அந்தக் குறி எங்க பாட்டி வீட்டு வேட்டியிலயும் இருந்தது. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்ப வாரா வாரம் ஒரு ஆயா வருவாங்க. திண்ணைக்குக் கீழ உக்காந்து பிரிப்பாங்க. வேட்டி ஒரு பக்கம், சாயம் போற புடவை ஒரு பக்கம், குழந்தைத் துணி ஒரு பக்கம். என்ன வேகம்! பாட்டி நோட்டுல எண்ணிக்கை எழுதி முடிக்கறதுக்குள்ள அவங்க மனசுலயே கூட்டிச் சொல்லிடுவாங்க, பெரும்பாலும் பாட்டி கணக்குதான் தப்பா இருக்கும். அதுல ஒரு மூட்டை மட்டும் கொல்லைப்புறமா வரும். பாட்டி அதைக் கையால தொட மாட்டாங்க, குச்சியால தள்ளுவாங்க. அது ஏன் தனின்னு கேட்டதுக்கு "சாயம் போகும்"னாங்க. போகலை, அது தீட்டுத் துணி. பாட்டியை விடப் பத்து வயசாவது பெரியவங்க அந்த ஆயா. ஆனா பாட்டி கூப்பிட்டது "ஏய், வந்துட்டியா"ன்னுதான். அவங்க பாட்டியை "அம்மா"ன்னாங்க. காசு கையில குடுத்ததாவும் எனக்கு ஞாபகம் இல்ல, திண்ணையில வைப்பாங்க.

துணிக்கு முன்னாடியே ஆளைப் பிரிச்சுட்டோம்ங்கிறது படிச்சப்பதான் உறைச்சது. வண்ணாருக்குள்ளயே யாருக்கு வெளுக்கிறாங்கங்கிறதை வச்சுப் படி இருக்கு. தலித் மக்களுக்கு வெளுக்கிற புதிரை வண்ணாரை எல்லாருக்கும் கீழ வச்சாங்க. அவங்களுக்குன்னு ஒரு நலவாரியம் வந்ததே 2009லதான். லண்டன் வரைக்கும் மினுக்கிட்டுப் போன வெள்ளைத் துணிக்குப் பின்னாடி வெள்ளாவி வச்சது யாருன்னு கம்பெனி பதிவேட்டுல தேடினா, மொத்தமா 'வண்ணார்'னு ஒரே சொல்தான். நூலு, ரகம், நீளம், அகலம், விலை எல்லாம் அங்குலம் அங்குலமா எழுதி வச்சிருக்கான்.

அம்மாகிட்ட அந்த ஆயா பேரு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "உங்க பாட்டி பேரே சொல்ல மாட்டாங்களேடா"ன்னாங்க. அப்புறம் சட்டையை எடுத்து, நீலம் போட்டுப் பார்க்கவான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். எம்.சி. ரோட்டுல புதுசு ஒண்ணு வாங்கிட்டேன்.

கொசுறு: புதுத்துணியில சாயம் போகாம இருக்க உப்புத் தண்ணியில ஊறவைக்கணும்னு அம்மா இன்னமும் சொல்றாங்க. சாயப்பட்டறையில சாயம் ஏத்தும்போது உப்பு உதவும், நிஜம். ஏறின சாயத்தை வீட்டு வாளியில அது பிடிச்சு வைக்காது. சொல்லிப் பார்த்தேன். "உன் சட்டையைப் பார்த்தாலே தெரியுது உன் கெமிஸ்ட்ரி"ன்னுட்டாங்க.