கைமாறிய மோட்டார் வண்டிகள்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றைக் கூற முற்படுவோர் நல்லூர் அரசையும், பறங்கியர் வருகையையும், கோட்டையையும், கல்விச்சாலைகளையும் எடுத்துரைப்பர். ஒரு பழைய மோட்டார் வண்டி எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதைச் சொல்ல எவரும் முன்வருவதில்லை. எனினும், நேயர்களே, நமது குடாநாடு கண்ட ஏற்றத்தையும் பட்ட பாட்டையும் ஓர் ஒஸ்ரின் காரை விற்றவர், வாங்கியவர் வரிசையைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரித்தானியா பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதையே முதன்மையாகக் கருதி மோட்டார் வண்டிகளைச் செய்தது. 1947இல் தோன்றிய ஒஸ்ரின் ஏ40 டெவன், 1948இல் தோன்றிய மொறிஸ் மைனர், 1952இல் தோன்றிய ஏ40 சோமசெற் என்பன அவ்வாறு கடல் கடந்து இலங்கைக்கு வந்தவை. யாழ்ப்பாணத்தில் இவற்றைப் புதிதாக வாங்கியோர் வைத்தியர், சட்டத்தரணி, மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய பெரியவர் போன்றோரே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியது. அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரே கார் என்றாயிற்று. வைத்தியர் வைத்திருந்த வண்டி ஆசிரியரிடமும், ஆசிரியரிடமிருந்து வாடகைக்கார் ஓட்டுநரிடமும் சென்றது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டபொழுது வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரின் கையில் பணம் புழங்கியது. அதுவரை மண்வெட்டி பிடித்த கை சிலவும் அப்பொழுது காரின் வளையத்தைப் பிடித்தன. இதனைச் சிலர் நகைத்தனர். நகைத்தோரின் காரே பின்னர் அத்தோட்டக்காரரிடம் விலைப்பட்டது என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

பாவித்த காரை வாங்குவதற்கு அக்காலத்தில் ஒரு முறை இருந்தது. இலக்கத் தகட்டைப் பார்த்தே வயதைக் கணிப்பர். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து, பெரும் எதிர்ப்புக்கிடையே, தகடுகளில் ஏறியது. ஆதலின் ஆங்கில எழுத்துத் தாங்கிய தகடு அதற்கு முந்திய வண்டியைக் காட்டும். வாங்க வருபவர் முன்னறிவிப்பின்றி விடியற்காலையில் வருவார். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எவ்வாறு உயிர்பெறுகிறது, பின்குழாயில் எந்நிறப் புகை எழுகிறது என்று நோக்குவார். அடுத்து, வண்டி எங்கே நின்றது என்று கேட்பார். கடற்கரையூரில் நின்ற காருக்கு மேலே பளபளப்பு இருப்பினும் கீழே உப்புக்காற்று தகட்டைத் தின்றிருக்கும். செம்மண் ஊரில் நின்ற காருக்கு அவ்வச்சம் குறைவு. இக்கேள்வியை இன்று கார் வாங்குவோர் கேட்பதாகத் தெரியவில்லை.

1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வண்டிகள் வந்தன. ஒஸ்ரின்கள் மதிப்பிழந்தன, கோழிகள் அடைகாக்கும் இடமாகவும் சில மாறின. என் அம்மானின் ஏ40 டெவனை அவர் மக்கள் விற்றுவிடும்படி நச்சரித்த காலம் அது. அவர் விற்கவில்லை. அதற்குக் காரணம் தூரநோக்கு அன்று, பிடிவாதமே.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்தேவி நின்றது, ஆனையிறவுப் பாதை அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து முதலிய பொருட்கள் குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் சிறிதளவு கிடைத்தது. அப்பொழுதுதான் ஒதுக்கப்பட்ட ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீதிக்குத் திரும்பின.

இதற்குரிய காரணம் எளியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சிறிது பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மேலும், அழுத்தம் மிகுந்த புதிய எஞ்சின்களில் அவ்வெண்ணெய் உரியவாறு எரியாமல் இடிக்கும். ஐம்பதாம் ஆண்டுகளின் எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை; ஆதலின் இருமிக்கொண்டாவது ஓடின. பற்றறி வலுவிழந்தால் முன்புறம் கம்பியைச் செருகிச் சுழற்றி எழுப்பவும் கூடியதாயிருந்தது. என் அம்மான் ஒரு சிறு மருந்துப் போத்தலில் பெற்றோலை வைத்து, துளித்துளியாக எண்ணிச் செலவிடுவார். நோயாளிகளும், பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரும் அக்காரில் இரவில் வைத்தியசாலைக்குச் சென்றனர். கரும்புகையால் ஒழுங்கை முழுதும் நாறும். எவரும் முறையிட்டதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டது. நாவற்குழிப் பாலத்தை அடைய எங்களுக்கு ஓரிரவு முழுதும் சென்றது. மழையும் பெய்தது. மீசாலையில் ஒரு தென்னந்தோப்பில் அந்த ஒஸ்ரினை நிறுத்தி, அதையே வீடாக்கி ஒன்பது நாட்கள் இருந்தோம். பின்னிருக்கையைக் கழற்றி மரத்தடியில் இட்டோம். அம்மாவும் மாமியும் காருக்குள், ஆண்கள் கூரையிலிருந்து கட்டிய தறப்பாளின் கீழ். இன்று உல்லாசத்துக்காகக் காரிலேயே தங்கிச் சுற்றுலாச் செல்வோரைப் படங்களிற் காண்கையில், அவர்களிடம் குறையேதும் காணாமலே, எனக்கு அந்த ஈரத் தென்னந்தோப்பின் மணம் வந்துவிடுகிறது. 1996இல் ஊர் திரும்பினோம். கார் எங்களுடன் திரும்பியது.

2002இல் ஏ9 வீதி திறந்தது. அடுத்த ஆண்டு கொழும்பிலிருந்து பழங்கார் சேகரிக்கும் தமிழர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்திறங்கினார். விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். அதை அவர் விற்க முற்பட்டிருந்தால் கடையிற் கொடுத்ததிற் பாதிகூடக் கிடைத்திருக்குமோ என்னவோ. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எஞ்சினைக் குனிந்து பார்த்தார். மிக நன்றாயிருக்கிறது என்று கூறி நல்ல விலையும் சொன்னார். நாங்கள் மகிழ்ந்தோம். மாமிக்கு அப்பொழுது கண்ணில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது.

அம்மான் உடனே சொன்னார்: “தம்பி, இது ஐந்து வருஷம் மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின். எரியாத எண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப்போட்டுது. றிங்ஸ் தேய்ஞ்சிருக்கு. கழட்டினால்தான் தெரியும், கழட்டாமல் வாங்காதையும்.”

வந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் விலையைக் கணிசமாகக் குறைத்தார். அம்மான் இசைந்தார். நான் அன்று அவர்மீது கோபங்கொண்டேன். சத்திரசிகிச்சைக்குக் குறைந்த தொகையை என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கட்டினேன்.

2020இல் அரசாங்கம் மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல் தனியார் கார்களுக்கு வழி திறக்கும் வரை பாவித்த வண்டிகளின் விலை வாங்கிய விலையையும் கடந்தது. 1960களை அறிந்த முதியோருக்கு இது புதுமையன்று. அந்நாட்களில் எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர் தம் காரை விற்க விளம்பரம் எழுதி என்னிடம் காட்டினார். முறிகண்டிக்கு அப்பால் மாடொன்றில் மோதி, ஒரு கதவு மாற்றப்பட்ட கார் அது. பூச்சு வேலை திறமாக இருந்ததால் எவருக்கும் தெரியாது என்றார்; எழுதத்தான் வேண்டுமோ என்று கேட்டார்.

அவருக்கு நான் அம்மானின் ஒஸ்ரினைப் பற்றிச் சொன்னேன், மாதந்தோறும் கட்டிய பணத்தையும் மறைக்காமல். விளம்பரத்தை மடித்துக்கொண்டு எழுந்து சென்றார். கார் விலைப்பட்டது என்பதை மட்டும் பின்னர் அறிந்தேன்.