மானிப்பாய் மருத்துவக் கல்வியும் தமிழ்ச் சொல்லாக்கமும்

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அப்பள்ளி அரசு நடத்தியதன்று. அமெரிக்க மிஷன் சார்பில் நிகழ்ந்தது. தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலங் கற்றோர் அரசுப்பணி நாடி ஊர் நீங்குவர், தமிழிற் கற்றோரே தம் மக்களிடைத் தங்குவர் எனக் கருதிய கிரீன், தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின் தமிழிலேயே பயிற்றத் துணிந்தார்.

அதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. இவற்றை வடமொழிப் பெயர்கள் என ஒதுக்குவோர் உளர். இது விரைந்த முடிபு. 'இரணம்' என்பது விரணத்தின் தற்பவம். ஊரார் நாவிற் பயின்ற சொல். உடற்கூற்று நூலுக்கு இட்ட 'அங்காதிபாதம்' என்னும் பெயரோ, கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியப் பெயரமைப்பைத் தழுவியது என்றே நாம் கருதுகின்றோம். இறைவன் திருமேனியை முடிமுதல் அடிவரை பாடும் மரபறிந்த மாணாக்கனுக்கு, எலும்பும் நரம்பும் பற்றிய அந்நூல் பெயரளவிலேனும் அயன்மை குன்றித் தோன்றியிருக்கும். 1875இன் 'கெமிஸ்தம்' வேறு வகை. அங்கே ஆங்கிலச் சொல்லே தமிழ் ஈறு பெற்று நிற்கின்றது.

கிரீன் 1873இல் யாழ்ப்பாணம் நீங்கியும் இப்பணி விட்டிலர். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.