சின்னக் கமெராவின் மணிக்கூடு

ஒரு சின்ன டிஜிட்டல் கமெரா நல்லதா, கூடாததா எண்டு எதை வைத்துச் சொல்லுறது? 2000களில் கமெரா வாங்கப் போன எல்லாரும் கேட்ட கேள்வி இது. அந்தக் காலத்து விமர்சனங்களை எடுத்துப் பார்த்தால் ஒரே பட்டியல்தான் இருக்கும். எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு சூம், பொத்தானை அமத்தி எவ்வளவு நேரத்தில் படம் விழுது, இருட்டில் எவ்வளவு புள்ளி விழுது, ஒரு பற்றரிக்கு எத்தனை படம். கடைசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம். அந்தப் பட்டியலில் கமெராவுக்குள்ள இருக்கிற மணிக்கூட்டுக்கு யாரும் புள்ளி போட்டதில்லை.

வன்னியின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், முதல் புள்ளி அந்த மணிக்கூட்டுக்குத்தான் போக வேண்டும். ஏன் எண்டு பார்ப்பம்.

முதலில், இந்தக் கமெரா வன்னிக்கு எப்படி வந்தது? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் லைற்றுக்குப் போடுற பற்றரிகூட வன்னிக்குக் கொண்டுபோகத் தடை. படம் எடுக்கிறதெண்டால் பிலிம் ரோல். ஒரு ரோலில் 36 படம். அதைக் கழுவ ஸ்ரூடியோ வேணும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. வெளிநாட்டில் இருந்த உறவுகள் பத்து, பதினைந்து வருசத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தார்கள். உலகம் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த அதே வருசங்கள் அவை. சட்டைப் பைக்குள் அடங்குகிற கமெரா அவர்களோடுதான் அதிகமாக வந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 திரும்ப மூடப்பட்டது. இடையில் கிடைத்தது நாலு வருசமும் சில மாதங்களும்.

வன்னிக்குள் அப்போது தேசிய மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர், சோலர் எண்டுதான் வாழ்க்கை. கடையில் வாங்கிப் போடக்கூடிய இரண்டு பென்ரோச் பற்றரியில் ஓடுகிற கமெரா எப்பவும் உதவும். தனக்கெண்டு சார்ஜர் கேட்கிற மெல்லிய கமெரா, ஜெனரேற்றர் போடும் வரைக்கும் காத்திருக்க வேணும். லண்டனில் நட்சத்திரம் வாங்கின கமெரா கிளிநொச்சியில் அதே நட்சத்திரம் வாங்கும் எண்டு சொல்ல முடியாது.

படத்தின் தரத்துக்கு வருவம். இந்தச் சின்னக் கமெராக்களில் அதிகமானவற்றின் சென்சர் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளம், 4.6 மில்லிமீற்றர் அகலம்தான். பழைய பிலிமின் ஒரு கட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். பரப்பளவைக் கணக்குப் பார்த்தால் பிலிம் 30 மடங்கு பெரிசு. சென்சர் சின்னனாக இருந்தால் அது பிடிக்கிற வெளிச்சமும் குறைவு. அதனால்தான் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுத்த படங்களில் முகமெல்லாம் மணல் தூவின மாதிரி இருக்கும். கம்பனிகள் மெகாபிக்சலைக் கூட்டிக் கூட்டி விற்றபோதும் இந்த அடிப்படைக் குறை போகவில்லை. விமர்சகர்கள் இதற்குப் புள்ளி குறைத்தது சரிதான்.

ஆனால் அந்த மணலுக்குள் ஒரு விசயம் இருக்கு. 2006இல் அமெரிக்காவின் பிங்ஹம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த இரண்டு சென்சரும் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொன்றிலும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் இருக்கும். அவை அந்தக் கமெரா எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் மெல்லிய தடமாக விழும். விரலுக்கு ரேகை மாதிரி. அந்தத் தடத்தைப் பிரித்தெடுத்து, இந்தப் படம் இந்தக் கமெராவில்தான் எடுக்கப்பட்டது எண்டு சொல்ல முடியும். ஆக, படத்தில் விழுகிற எல்லாக் கறையும் குறையில்லை. சிலது அடையாளம்.

இப்ப மணிக்கூடு. டிஜிட்டல் கமெரா எடுக்கிற ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒரு சின்னக் குறிப்பு ஒளிந்திருக்கும். எந்த மொடல், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை செக்கன். இதன் பெயர் எக்சிஃப். 1995இல் ஜப்பானில் உருவான முறை. இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நேரம் எழுதப்படும், அது எந்த நாட்டு நேரம் எண்டு எழுத இடமே இருக்கவில்லை. 2016இல்தான் அதற்கு இடம் சேர்த்தார்கள்.

இந்த ஓட்டை வன்னியில் இன்னும் பெரிசு. 1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. மே மாதம் கிறீன்விச் நேரத்திலிருந்து ஆறரை மணித்தியாலம், ஒக்டோபரில் ஆறு மணித்தியாலம் எண்டு மாற்றி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான் ஓடியது. சமாதான காலத்தில் ஓமந்தையைத் தாண்டி உள்ளுக்குப் போனால் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போவீர்கள். அப்படியெண்டால் 2003இல் கிளிநொச்சியில் எடுத்த ஒரு படத்தில் இருக்கிற நேரம் வன்னி நேரமா, கொழும்பு நேரமா, இல்லாட்டி லண்டனில் வைத்த நேரமா? கோப்பு சொல்லாது. எடுத்தவர்தான் சொல்ல வேணும்.

இது சும்மா நுணுக்கம் பார்க்கிற கதை எண்டு நினைப்பீர்கள். 2009க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த வருசம் ஓகஸ்ட் 25இல் பிரித்தானியாவின் சனல் 4, கட்டப்பட்ட கைதிகள் சுட்டுக் கொல்லப்படுகிற ஒரு காணொளியை ஒளிபரப்பியது. அரசு அது பொய் எண்டது. போனில் எடுத்ததே இல்லை, வீடியோ கமெராவில் எடுத்துப் பிறகு மாற்றினது எண்டு அரச தரப்பு நிபுணர்கள் வாதாடினார்கள். ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் ஓல்ஸ்ரன், காணொளி, துப்பாக்கி, தடயவியல் மருத்துவம் எண்டு மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். 2010 ஜனவரியில் அவர் சொன்ன முடிவு: காணொளி உண்மையானதாகவே தெரிகிறது. ஆனால் நிபுணர்களால் விளக்க முடியாத சில விசயங்களையும் அவர் மறைக்காமல் சொன்னார். அதில் ஒன்று, கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 யூலை மாதத் திகதி. போர் முடிந்தது மே மாதம். காணொளி உண்மையானது எண்ட முடிவை அது மாற்றாது எண்டும் அவர் சொன்னார். எண்டாலும் பாருங்கள், மனிதர்கள் கொல்லப்படுகிற ஒரு காட்சியைப் பற்றிய விவாதத்தில் ஒரு கருவியின் திகதிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2013 பெப்ரவரியில் இன்னொரு விசயம். புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன. உயிரோடு பதுங்குகுழிக்குள் இருக்கிற படம். பிறகு நெஞ்சில் சூடு பட்டு இறந்து கிடக்கிற படம். இரண்டும் ஒரே கமெராவில், சில மணித்தியால இடைவெளியில் எடுக்கப்பட்டவை எண்டு ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தை எடுத்த கலம் மக்ரே சொன்னார். இராணுவம் மறுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, கமெராவின் மணிக்கூடு பிழையாக இருந்தாலும் இடைவெளி பிழைக்காது எண்டதுதான். இடையில் யாரும் நேரத்தை மாற்றாவிட்டால், ஒரே கமெராவின் இரண்டு படங்களுக்கு நடுவில் போன நேரம் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை பிடிபட்டு உயிரோடு இருந்தானா எண்ட கேள்வி நிற்பது அந்த இடைவெளியில்.

அதே 2009இல், டிஜிட்டல் கமெராக்களுக்கு வழி திறந்த சிசிடி சென்சரைக் கண்டுபிடித்த வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த வருசம் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமெராக்கள் சந்தைக்கு வந்தன. அதுதான் உச்சம். பிறகு போன் வந்து சின்னக் கமெராவை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டது.

அந்த லாச்சிகளைப் பற்றித்தான் எங்களுக்கு அக்கறை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் பிடித்திருக்கிற படங்களைப் பாருங்கள். அடையாள அட்டையிலிருந்தும் குடும்ப அல்பத்திலிருந்தும் பெருப்பித்தவை கனக்க. இடப்பெயர்வில் அல்பங்கள் போனதுபோல எத்தனையோ மெமரி காட்டுகளும் போயிருக்கும். மிஞ்சினவை சில வீடுகளில், சில வெளிநாட்டு உறவுகளின் கொம்பியூட்டர்களில் இருக்கலாம். 2002 தொடங்கி 2006 வரை எடுத்த ஒரு பள்ளிக்கூடப் படம், ஒரு கலியாணப் படம், ஆரோ ஒருவரின் கடைசிப் படமாக இருக்கலாம்.

சட்டமும் இதைக் கேட்கிறது. இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் பதிவு மாற்றப்படாததாக இருக்க வேணும். ஒரு படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கும், உள்ளிருக்கிற எக்சிஃப் குறிப்பும் போய்விடும். முகம் தெரியும், நாளும் நேரமும் கமெராவும் தெரியாது. 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டினபோது புதைகுழி வெளிப்பட்டது. அப்படி ஒரு இடத்தில் இன்று படம் எடுக்கிற இளம் ஆக்கள் எல்லாரும் இதைத் தெரிந்திருக்க வேணும்.

ஆகவே பழைய கமெரா ஒன்று வீட்டில் இருந்தால், எறியாதீர்கள், விற்காதீர்கள். படத்தோடு கமெராவும் சாட்சி. மெமரி காட்டிலிருந்து கோப்புகளை அப்படியே பிரதி எடுங்கள்; திருத்தாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். பற்றரி போட்டுக் கமெரா வேலை செய்தால், அதன் மணிக்கூடு இப்ப என்ன காட்டுது, உண்மையான நேரம் என்ன எண்டு இரண்டையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். பல கமெராக்களில் பற்றரி கனகாலம் இல்லாமல் இருந்தால் மணிக்கூடு அழிந்து தொடக்கத்துக்குப் போயிருக்கும். அப்படியெண்டால் அதையும் எழுதுங்கள். எடுத்தவர் உயிரோடு இருந்தால், எந்த நேரத்தை வைத்திருந்தார் எண்டு கேட்டு அதையும் எழுதுங்கள்.

இவ்வளவும் எழுதின பிறகு மணிக்கூட்டைத் திருத்தலாம். அதற்கு முதல் வேண்டாம்.