முகமில்லாத மன்னர்கள்: மம்லூக் சீட்டுக்கட்டின் வரலாறு

இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் பழமையான சீட்டுக்கட்டு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. எகிப்தையும் ஷாம் தேசத்தையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்தைச் சேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் வேலைப்பாடு எனக் கருதப்படுகிறது. எல்.ஏ. மேயர் என்னும் ஆய்வாளர் 1939இல் அதைக் குறித்து விரிவான கட்டுரை எழுதினார்.

52 சீட்டுகள் இருந்திருக்க வேண்டிய இக்கட்டில் எஞ்சியவை 47. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 9.5 செ.மீ. அகலமும் உடையது. விரல்களுக்கிடையே விசிறிபோல் விரித்துப் பிடிப்பது எளிதாக இருந்திராது! நாணயம், கிண்ணம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் பத்து எண் சீட்டுகள். அவற்றுக்கு மேல் மலிக் (மன்னர்), நாயிப் மலிக் (மன்னரின் பிரதிநிதி), தானீ நாயிப் (இரண்டாம் பிரதிநிதி). இம்மூவருக்கும் முகமில்லை. கொடிப் பின்னல்களுக்கு நடுவே இனத்தின் சின்னமும், அரபு எழுத்தில் பதவியின் பெயரும் மட்டுமே உள்ளன. நீலப் பட்டையில் அழகிய கையெழுத்தில் பொருள் பொதிந்த வாசகங்கள் தீட்டப்பட்டுள்ளன.

இச்சின்னங்களும் வெற்றுக் கற்பனையல்ல. பானம் பரிமாறும் சாக்கீ, ஆயுதம் தாங்கும் சிலாஹ்தார், போலோ மட்டைக்குப் பொறுப்பான ஜூகன்தார் ஆகியோர் மம்லூக் அரசவையில் மதிப்புமிக்க பதவியாளர்கள். கிண்ணம், வாள் முதலிய சின்னங்களை அமீர்கள் தம் கட்டடங்களிலும் பள்ளிவாசல் விளக்குகளிலும்கூடப் பொறித்துக்கொண்டனர்.

சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் தெளிவாகத் தடுத்துள்ளது (5:90). அவ்வரசவையினர் அதனை அறியாதவர்கள் அல்லர். ஆயினும், பின்னாளில் சுல்தானான அல்முஅய்யத் ஷைக் இவ்வாட்டத்தில் பெருந்தொகை வென்ற செய்தியை வரலாற்றாசிரியர் இப்னு தஃக்ரீபிர்தீ பதிவு செய்துள்ளார். கலைப்பொருளின் அழகைப் போற்றுவதற்காக அதை வைத்து நடந்த சூதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. மூடி மறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டும் நம் வரலாறே.

இவ்வகைச் சீட்டுகள் அதற்கு முன்பே மத்தியதரைக் கடலைக் கடந்துவிட்டிருந்தன. 1377இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் 'நயிபே' என்னும் புதிய ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஸ்பெயினில் இன்றும் சீட்டுக்கு 'நைப்பெஸ்' என்றே பெயர். இரண்டும் 'நாயிப்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஐரோப்பியருக்கு அன்று போலோ பழக்கமில்லாததால், அந்த மட்டை அவர்கள் கையில் வெறும் தடியாயிற்று. முகமில்லாத மன்னருக்கு முகமும் கிரீடமும் வரைந்தார்கள்.

வாள் மட்டும் பெயரளவில் தப்பியது. இத்தாலிய மொழியில் வாள்களைக் குறிக்கும் 'ஸ்பாதே' என்னும் சொல்லிலிருந்தே ஆங்கிலேயரின் 'ஸ்பேட்' வந்ததாகக் கூறுவர். நம் ஊர்த் திண்ணைகளில் 'இஸ்பேட்' என்று ஒலிப்பதும் அதுவே. அந்தச் சீட்டில் இன்று இருப்பதோ ஒரு கறுப்பு இலை.