வாக்கடங்கிய இடம்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்திலே 17ஆம் நூற்றாண்டில் அவதரித்தவர் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயதளவும் பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் திருவருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடினார் என்பது வரலாறு. பின்னர் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிப் பெரும்புகழ் எய்தினார்.

எவர் முன்னர் வாக்குத் தடைப்படுமோ அவரே ஞானாசிரியர் என முருகன் உணர்த்தியிருந்தான் என்ப. தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரைத் தரிசித்தபோது அது நிகழ்ந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் தில்லைக் கூத்தனைக் கண்டு ஐம்பொறி அறிவும் ஒருவழிப்பட நின்ற நிலையைக் கூறும் பெரியபுராணச் செய்யுளுக்குத் தேசிகர் பொருள் வினவினார். சொற்பொருள் விரித்தல் சுவாமிகளுக்கு அரிதன்று. வினவப்பட்டதோ அனுபவப் பொருள். அது தம்மிடத்து இல்லையென உணர்ந்து வாக்கடங்கினார், அடிபணிந்து மாணாக்கராயினார். கற்றார் பலர் இத்தகைய இடத்தே சொன்மழை பொழிந்து தம் ஐயத்தை மறைப்பர். சுவாமிகள் அது செய்திலர்.

முன்னர்ச் சகலாகம பண்டிதராய் விளங்கிய அருணந்தி சிவாசாரியரும், தம்மின் இளையரான மெய்கண்டாரிடம் ஆணவமலத்தின் நிலையை வினவி, அவரது நோக்கிலே செருக்கொழிந்தார் என்பர். அங்கே வினவியவர் தெளிந்தார். இங்கே வினவப்பட்டவர் தெளிந்தார். இருவர்க்கும் முன்னைக் கல்வி பழுதாயிற்றில்லை. அதன் பயனே சிவஞான சித்தியாரும் சிதம்பர மும்மணிக்கோவையும் ஆம். தம் ஐயத்தைத் தாமே ஒப்புக்கொண்டார்க்கே பிறரிடத்துக் கற்றல் கைகூடும் என்பது இவற்றால் அறியத்தக்கது.