மவ்ஸிம் முதல் ஒரகடம் வரை: சூடேறிய காற்றின் வரலாறு

மே மாதப் பிற்பகலில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் முதல் ஷிப்ட் முடித்து வெளியேறும் நம் பிள்ளைகள் ஒரு காற்றுக்காகக் காத்திருக்கின்றனர். சென்னைக் கரையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்குள் மாலை சாய்ந்துவிடும். மேல்காற்று வலுத்த நாள்களில் அது வராமலே போவதும் உண்டு.

அக்காற்றின் காரணம் எளியது. காற்றின் மூலக்கூறுகள் சாதாரண வெப்பநிலையிலேயே நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடி மோதிக்கொண்டிருக்கின்றன. வெப்பம் ஏறினால் வேகம் கூடும், காற்று விரியும், அடர்த்தி குறைந்து மேலெழும். குளிர்ந்தால் நெருங்கிக் கனத்துக் கீழிறங்கும். ஒரே வெயிலில் தரை விரைவில் சூடேறுகிறது, கடலோ மெல்லச் சூடேறுகிறது. ஆகவே தரைமேல் காற்று எழ, கடலின் குளிர்ந்த காற்று அவ்விடம் நோக்கி நகர்கிறது.

இதன் பேருருவே பருவக்காற்று. கோடையில் ஆசியப் பெருநிலம் சூடேறத் தென்மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் அது குளிர வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. இவ்விரு காற்றுகளின் தயவில்தான் அரபுக் கப்பல்கள் நம் கரைக்கு வந்து திரும்பின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் அங்கு வந்ததைப் பதிவு செய்துள்ளார். குறித்த காலம் என்னும் பொருளுடைய ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லே ‘மான்சூன்’ ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எத்துறையிலிருந்து எந்நாளில் புறப்பட வேண்டும் என்பதைத் தம் நூலில் வகுத்துரைத்தார். நாள் தவறியவர் அடுத்த பருவம்வரை கரையிலேயே தங்க நேர்ந்தது. நம் துறைமுக ஊர்களில் அரபு வணிகர் வேரூன்றியதில் அக்காத்திருப்புக்கும் பங்குண்டு.

காற்றைப் பயன்படுத்தியவர்கள் முன்னோர். காரணத்தை அளந்தவர்கள் பின்வந்தோர். 1686இல் எட்மண்ட் ஹேலி, சூரிய வெப்பத்தால் இலேசான காற்று எழுவதே பருவக்காற்றின் மூலம் என்றார். 1802இல் கே-லுசாக், எல்லா வாயுக்களும் ஒரே அளவு வெப்பத்துக்கு ஒரே விகிதத்தில் விரிகின்றன என்று காட்டினார். இன்றைய கணக்கில், ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், சுழியப் பாகையில் இருந்த கன அளவில் 273இல் ஒரு பங்கு கூடுகிறது. 1860இல் மேக்ஸ்வெல் மூலக்கூறுகளின் வேகப் பரவலையே கணக்கிட்டார்.

அவ்விதிதான் இன்று தொழிற்கூடத்தின் தகரக் கூரைக்கடியிலும் இயங்குகிறது. சூடான காற்று கூரையடியில் தேங்கும். மேலே அது வெளியேற வழியும், கீழே குளிர்காற்று நுழைய வழியும் சேர்ந்திருந்தால்தான் அது நகரும். கூரையில் சுழலும் காற்றுப்போக்கியை மாட்டிவிட்டுக் கீழே சன்னல்களை அடைத்தால் பயன் குறைவே. இவ்வட்டாரத்தில் சிறு பட்டறைகள் நடத்தும் நம் சகோதரர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. உள்ளே நிற்பவர் எட்டு மணி நேரம் அவ்வெப்பத்தைச் சுமக்கிறார்.

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தணியும்வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வணக்கத்திலேயே உடலின் வருத்தம் கருதப்பட்டிருக்க, வேலையில் அதைக் கருதாதிருக்க நமக்கு நியாயம் இல்லை. காற்றின் காலமறிந்து கடல் கடந்தோரின் வழிவந்த நாம், நம்மிடம் உழைப்போருக்குக் காற்று வரும் வழியையேனும் திறந்து வைப்போம்.